சும்மா ஓடும் இன்ஜின்: சைட்டில் டீசலையும் கார்பனையும் குறைக்க, புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு லிட்டர் டீசலை எடை போட்டால் 830 கிராம் அளவில் இருக்கும். அது எரிந்து முடியும்போது ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. ஊற்றியதைவிட மூன்று மடங்கு எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். டீசலின் பெரும்பகுதி கார்பன். எரியும்போது 12 கிராம் கார்பன் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. கூடுதல் எடை அங்கிருந்து வருகிறது.

சைட் இன்ஜினியராகவோ சூப்பர்வைசராகவோ புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த 2.7 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது. புகைக்குழாயில் கருவி வைத்து எதையும் அளக்க வேண்டியதில்லை. எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று தெரிந்தால் எத்தனை கிலோ போனது என்று தெரிந்துவிடும். இனிமேல் சுருக்கமாகக் 'கார்பன்' என்று நான் சொல்வதெல்லாம் இந்தக் கார்பன் டை ஆக்சைடைத்தான். 200 லிட்டர் பேரல் ஒன்று காலியானால் அரை டன்னுக்கு மேல்.

ஒரு கட்டடத்தின் மொத்தக் கார்பனில் சிமெண்டுக்கும் கம்பிக்கும்தான் பெரிய பங்கு. ஆனால் எந்த சிமெண்ட், எவ்வளவு கம்பி என்பது டிசைன் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. டீசல் மட்டும் காலை ஆறரை மணிக்கு சைட்டில் வந்து நிற்கிற ஆளின் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையை உங்களுக்காக எழுதுகிறேன். அடுக்குமாடி, பேஸ்மென்ட், சின்ன சாலை வேலைகள் என்று தமிழ்நாட்டில் நடக்கும் சாதாரண சைட்களை நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீணாகும் டீசலில் பெரும்பங்கு வண்டி காத்திருக்கும்போது எரிகிறது. அப்படிக் காத்திருக்க வைப்பவர்கள் பெரும்பாலும் திட்டம் போடும் நாம்தான்.

முதல் இரண்டு வாரம்: எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நீள நோட்டு வாங்கி, வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஜேசிபி, ஹிட்டாச்சி, ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் டீசல் பம்ப், மிக்சர் என்று டீசல் குடிக்கும் எதையும் விடாதீர்கள். தேதி, காலை ஹவர் மீட்டர் (இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டுவது), மாலை ஹவர் மீட்டர், ஊற்றிய லிட்டர், செய்த வேலை (எத்தனை லோடு, எத்தனை கன மீட்டர்) என்று கட்டம் போடுங்கள். கடைசியாக 'ஏன் நின்றது' என்று ஒரு கட்டம். பலரும் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். பின்னால் பணமும் கார்பனும் மிச்சமாவது இதிலிருந்துதான்.

டீசல் அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமையில், வேலை தொடங்கும் முன் டேங்கை முழுசாக நிரப்புங்கள். அடுத்த வாரம் அதே நாளில் மறுபடி நிரப்பும்போது ஊற்றும் லிட்டர்தான் அந்த வாரத்தின் உண்மையான செலவு. இடையில் ஊற்றியதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பேரலிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றுகிற சைட்டாக இருந்தால், சின்ன ஃப்ளோ மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்று வாங்கச் சொல்லுங்கள். சிந்துவதும் நிற்கும், காணாமல் போவதும் நிற்கும். திருடு போன டீசலும் எங்கோ ஓர் இன்ஜினில் எரியத்தான் செய்யும். ஆனால் உங்கள் நோட்டில் அது ஜேசிபியின் கணக்கில் ஏறி, எந்த வண்டி சரியில்லை என்பதே தெரியாமல் போய்விடும்.

வண்டி ஏன் அணைவதில்லை?

இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால், ஹவர் மீட்டர் ஒன்பது மணி நேரம் ஏறியிருக்கும், லோடு எண்ணிக்கையோ ஐந்து, ஆறு மணி நேர வேலைக்கு உரியதாக இருக்கும். மீதி நேரமெல்லாம் இன்ஜின் சும்மா ஓடியிருக்கிறது. உடனே ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கத்துவது சுலபம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு பேஸ்மென்ட் வேலையில், டிப்பர் வராமல் அரை மணி நேரமாக உறுமிக்கொண்டிருந்த ஜேசிபியிடம் போய், "அண்ணே, அணைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் இறங்கி வந்து பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டினார். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. ஒரு கேபிளைக் கம்பி கட்டும் பைண்டிங் ஒயரால் சுற்றி வைத்திருந்தார்கள். "காலையிலேயே இன்னொரு வண்டியில இருந்து ஒயர் போட்டுத்தான் எடுத்தோம் சார். அணைச்சுட்டா அப்புறம் தள்ளியா ஸ்டார்ட் பண்றது?" என்றார். வண்டி முதலாளியிடம் அவர் பலமுறை சொல்லியும் ஆகிவிட்டது.

அன்று மாலை கணக்குப் போட்டேன். அந்த ரக ஜேசிபி சும்மா ஓடினால் மணிக்குச் சுமார் 2 லிட்டர். நாளைக்கு 2 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 100 லிட்டர். இன்றைய விலையில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல், கார்பனில் 270 கிலோ. புது பேட்டரியின் விலையை ஒன்றிரண்டு மாதத்தில் எடுத்துவிடலாம்.

ஆகவே 'ஏன் நின்றது' கட்டத்தில் வந்த காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேட்டரியோ செல்ஃப் மோட்டாரோ சரியில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஏசிக்காக ஓடுகிறது என்றால் வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வலைப் பந்தலும் தண்ணீர்க் குடமும் உட்கார இடமும் வேண்டும். நிழல் இல்லாத சைட்டில் கேபினை விட்டு இறங்கு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. டர்போ இன்ஜினை உடனே அணைக்கக் கூடாது என்று ஆபரேட்டர் சொன்னால் அதுவும் சரிதான். கனமான வேலைக்குப் பிறகு மூன்று நிமிடம்போல மெதுவாக ஓடவிட்டு அணைக்க வேண்டும். அரை மணி நேரம் தேவையில்லை. 'ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் அணை' என்ற ஒரே விதியைப் போதுமானதாக வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் சாலையில் ஓடாத டீசல் இயந்திரங்களுக்குச் சட்டமே அந்த ஐந்து நிமிடத்தைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது.

வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள்

எல்லாம் சரிசெய்தும் வண்டி அணையவில்லை என்றால், பணம் எப்படிக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். நம் ஊரில் இரண்டு வழக்கம். டீசலோடு சேர்த்து மணி வாடகை என்றால் பில் ஹவர் மீட்டர்படி போகும். சும்மா ஓடும் ஒரு மணி நேரத்துக்கு முதலாளிக்கு 2 லிட்டர் செலவு, முழு வாடகை வரவு. அவர் ஏன் அணைக்கச் சொல்வார்? மாத வாடகை, டீசல் நம்முடையது என்றால் அணைப்பதால் அவருக்கு ஒரு பைசா மிச்சமில்லை. இரண்டு வழியிலும் அணைப்பவருக்கு லாபம் கிடையாது.

நான் செய்து பார்த்துப் பலன் கண்ட மாற்றம் இது: நம் காரணத்தால் வண்டி நின்றால், இன்ஜின் அணைந்திருந்தாலும் காத்திருப்பு வாடகை உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுவது. டிப்பர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் சூப்பர்வைசரும் ஆபரேட்டரும் சேர்ந்து குறித்துக் கையெழுத்துப் போடுவார்கள். மீட்டரை ஓடவைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற நிலை அதோடு போய்விடுகிறது. தோண்டும் வேலையைக் கன மீட்டர் கணக்கில் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. டீசல் மிச்சமானால் அதில் ஒரு பங்கை ஆபரேட்டர் பேட்டாவில் சேர்த்துக் கொடுங்கள். மிச்சப்படுத்துவது அவர் கைதான்.

தோண்டுவதிலும் ஏற்றுவதிலும்

டிப்பரை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் நிறைய டீசல் இருக்கிறது. ஹிட்டாச்சி நிற்கும் மேடு டிப்பரின் தொட்டி விளிம்பு உயரத்துக்கு இருந்தால் பக்கெட்டை வீணாக மேலே தூக்க வேண்டியதில்லை. பக்கெட் அரைவட்டம் சுற்றாமல் கால்வட்டத்துக்குள் கொட்டும்படி வண்டியை விட்டுக் கொடுங்கள். சுற்று பாதியானால் ஒரு லோடுக்கு ஆகும் நேரம் கண்ணெதிரே குறைவதைப் பார்க்கலாம். காலையில் ஒரு முறை வண்டி வந்து நிற்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினால் நாள் முழுக்கப் பேச்சு மிச்சம்.

ஹிட்டாச்சியில் பவர், எகானமி என்று இரண்டு மூன்று மோடு இருக்கும். பாறையும் கெட்டிச் சரளையும் இல்லாத சாதாரண மண்ணுக்கு எகானமி போதும். லிவரைத் தொடாவிட்டால் தானாக வேகம் குறையும் ஆட்டோ ஐடில் சுவிட்ச்சும் உண்டு. அது அணைந்து கிடந்தால் போட்டுவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், மண் எங்கே போகிறது என்று கேளுங்கள். தோண்டிய மண்ணை 25 கிலோமீட்டர் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்ப அதே அளவு மண்ணை வெளியிலிருந்து வாங்கும் சைட்களைப் பார்த்திருக்கிறேன். திரும்ப நிரப்பத் தேவைப்படும் அளவை வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிட்டு, மூலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு வையுங்கள். ஓடாத டிப்பரைவிடக் கார்பன் குறைந்த டிப்பர் கிடையாது.

ஜெனரேட்டர்

பல சைட்களில் அதிகம் குடிப்பது ஜேசிபி இல்லை, மூலையில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் ஜெனரேட்டர். யாரும் அதைக் கவனிப்பதில்லை, அது நகர்வதில்லை என்பதால்.

ஓர் இரவு பதினோரு மணிக்குப் போய் அதன் பேனலைப் பாருங்கள். 125 கேவிஏ திறனுள்ள பெரிய செட் ஓடிக்கொண்டிருக்கும். ஆம்பியர் மீட்டரின் முள் அடியை விட்டு எழும்பியே இருக்காது. லோடு என்னவென்று தேடினால் காவலாளி அறையில் ஒரு விளக்கு, தொழிலாளர் ஷெட்டில் இருபது முப்பது மின்விசிறி, கேட்டில் இரண்டு ஃபோகஸ் லைட். எல்லாம் சேர்ந்து 4, 5 கிலோவாட். நல்ல லோடில் ஓடினால் இப்படிப்பட்ட செட் லிட்டருக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல் தரும். இந்த அற்ப லோடில் ஒரு யூனிட் தந்தாலே அதிகம். இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவே டீசலைச் செலவழிக்கிறது. இப்படியே நீண்ட நாள் ஓடினால் எரியாத டீசலும் கரியும் சேர்ந்து சைலன்சர் வாயில் கறுப்பாக ஒழுகத் தொடங்கும். அந்தக் கறுப்பு ஒழுகலைப் பார்த்தால், செட் வேலைக்கு மிகப் பெரியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, மின்வாரிய இணைப்பு. கட்டட அனுமதி கைக்கு வந்த வாரமே தற்காலிக மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்கள் எல்லாம் டீசலில்தான் ஓடும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நன்றாக ஓடும் ஜெனரேட்டரில் 0.75, இரவில் மேலே சொன்னபடி ஓடும் ஜெனரேட்டரில் 2.7. பணத்திலும் டீசல் யூனிட்டுக்கு எரிபொருள் மட்டுமே 25 ரூபாயைத் தாண்டிவிடும். தற்காலிக இணைப்பின் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிடக் கூடுதல்தான், இருந்தாலும் அதற்குக் கிட்டே வராது.

இரண்டாவது, இரவுக்குத் தனியாக 7.5 அல்லது 10 கேவிஏ சின்ன செட். பகலில் டவர் கிரேனும் ஹாய்ஸ்டும் ஓடும்போது மட்டும் பெரியது. பெரிய செட்டையே ஏன் எடுக்கிறார்கள் என்றால், மோட்டார்கள் ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில விநாடிகளில் இழுக்கும் அதிக மின்னோட்டத்துக்காக. மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ விஎஃப்டியோ இருந்தால், இரண்டு மோட்டார் ஒரே நேரத்தில் கிளம்பாமல் பார்த்துக்கொண்டால், ஒரு அளவு சின்ன செட்டிலேயே வேலை நடக்கும்.

மூன்றாவது, லோடையே குறைப்பது. 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகளை எல்இடியாக மாற்றுங்கள். பழைய ஆயில் வெல்டிங் செட்டுக்குப் பதில் இன்வர்ட்டர் வெல்டிங் செட் எடுங்கள். பழையது வெல்டர் டீ குடிக்கப் போனாலும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் இறைப்பது

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பேஸ்மென்ட் தோண்டியவர்களுக்குத் தெரியும், குழிக்குள் ஊறும் தண்ணீர் இரவு பகல் பார்க்காது. முதல் சேமிப்பு காலண்டரில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் குழி திறந்து கிடந்தால் பம்ப் நிற்கவே நிற்காது. தையில் தோண்டத் தொடங்கி, மழைக்கு முன் ராஃப்ட்டும் (அடித்தளக் கான்கிரீட் தளம்) சுவரும் எழும்பும்படி அட்டவணை போட முடியுமா என்று திட்டம் போடும்போதே கேளுங்கள். அடுத்தது, டீசல் பம்புக்குப் பதில் மின்சார சப்மெர்சிபிள், அதற்கு ஒரு ஃப்ளோட் சுவிட்ச். சில நூறு ரூபாய்ப் பொருள். தண்ணீர் இறங்கியதும் பம்ப் தானாக நிற்கும், ஏறியதும் தானாக ஓடும். வளைவு குறைந்த, விட்டம் பெரிய டெலிவரி ஹோஸ் போட்டால் அதே பம்ப் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறைக்கும்.

கான்கிரீட் போடும் நாள்

காலையில் நான்கு டிரான்சிட் மிக்சர் வரிசையாகத் தெருவில் நிற்கும், டிரம் சுற்றிக்கொண்டே. டிரம் சுற்ற இன்ஜின் ஓடியே ஆக வேண்டும், அணைக்கவும் முடியாது. அதனால் வரும் நேரத்தைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். உங்கள் பூம் பம்ப் நடைமுறையில் மணிக்கு 24 கன மீட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 கன மீட்டர் வண்டி 15 நிமிடத்தில் காலியாகும். ஆகவே பிளாண்ட்டிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்பினால் போதும். சைட்டில் ஒரே ஆள் பிளாண்ட்டோடு போனில் இருக்கட்டும். ஷட்டரிங் செக், கம்பி செக் முடிந்து கையெழுத்தான பிறகே முதல் வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள்.

இதில் டீசலைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4926 விதிப்படி, கலந்து ஏற்றியதிலிருந்து பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும். வரிசையில் நின்று நேரம் தாண்டித் திருப்பி அனுப்பப்படும் ஒரு லோடில் இரண்டு டன் அளவுக்கு சிமெண்ட் இருக்கும். அதைத் தயாரித்தபோதே ஆயிரம் கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட்டது. பேட்டரிக் கதையில் நாலு மாதம் மிச்சம் பிடித்ததை ஒரே வண்டியில் இழந்துவிடுகிறோம். இடித்துத் திரும்பக் கட்டுவதும் இப்படித்தான்.

ஏர் ஃபில்டரும் ஏசி கேஸும்

பராமரிப்பில் நீங்கள் நேரடியாகப் பார்க்க வேண்டியவை கொஞ்சமே. செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். கறுப்புப் புகை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை. டிப்பரின் டயரில் காற்று குறைந்தாலும் டீசல் கூடும்.

ஏசி கேஸைப் பற்றி யாருமே சொல்லித் தருவதில்லை. ஹிட்டாச்சி கேபினின் ஏசியில் இருப்பது பெரும்பாலும் ஆர்134ஏ. அது ஒரு கிலோ காற்றில் கலந்தால் நூறு வருடக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான சூடேற்றம். அதாவது 500 லிட்டருக்கு மேல் டீசல் எரித்ததற்குச் சமம். ஒவ்வொரு கோடையிலும் 'கேஸ் போட்டாச்சு' என்று பில் வருகிறதென்றால், போன கோடையில் போட்ட கேஸ் கசிந்து போய்விட்டது என்று பொருள். கசிவை அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். பழைய கேஸைத் திறந்துவிடாமல் உறிஞ்சி எடுக்கும் மெஷின் உள்ள மெக்கானிக்கைத் தேடுங்கள்.

புது வண்டி, பயோடீசல், மின்சாரம்

கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலில் நான்காம் நிலை மாசு விதியும் 2025 ஜனவரியில் ஐந்தாம் நிலையும் வந்தன. ஜெனரேட்டருக்கு 2023 ஜூலையில் நான்கு பிளஸ் விதி. இவையெல்லாம் கரித்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடையும் குறைக்கின்றன. பக்கத்தில் நின்று வேலை செய்பவர்களின் நுரையீரலுக்கு இது பெரிய விஷயம், மனமாரச் செய்ய வேண்டியது. ஆனால் இந்த விதிகள் கார்பன் டை ஆக்சைடுக்கு வரம்பு வைக்கவில்லை. புது வண்டியிலும் லிட்டருக்கு அதே 2.7 கிலோதான். புது வண்டியின் கரிவடிகட்டி சும்மா ஓடுவதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தப்படுத்தக் கூடுதல் டீசல் எரியும் என்பதையும் ஆபரேட்டருக்குச் சொல்லுங்கள்.

பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து வரும் பயோடீசலை 5 சதவீதம் அளவில் கலப்பதைப் பெரும்பாலான இன்ஜின்கள் தாங்கும். முதலில் வண்டிக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், விற்பவரிடம் ஐஎஸ் 15607 தரச் சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழ் இல்லாமல் பேரலில் மலிவாக வருவதைத் தொடவே தொடாதீர்கள். பயோடீசல் தண்ணீரை ஈர்க்கும் என்பதால் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் தேக்கி வைக்கவும் கூடாது.

மின்சார இயந்திரம் புதிதல்ல. டவர் கிரேன், ஹாய்ஸ்ட், கம்பி வளைக்கும் மெஷின், சென்னை மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் எல்லாமே மின்சாரம்தான். நார்வேயின் ஆஸ்லோவில் 2019இல் ஐந்தாம் ஓலவ் தெருவைச் சீரமைத்தபோது தோண்டும் இயந்திரங்களையும் மின்சாரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அவர்களுடைய மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். நம்முடையதில் நிலக்கரி இருக்கிறது, அதனால் முழுப் பளுவில் தோண்டும்போது பெரிய வித்தியாசம் வராது. ஆனால் மின்சார வண்டி காத்திருக்கும்போது ஏறக்குறைய எதையும் எரிக்காது. நின்று நின்று வேலை செய்யும் மினி எக்ஸ்கவேட்டர், சிசர் லிஃப்ட் போன்றவற்றில் தொடங்குங்கள். எந்த வண்டி அதிகம் நிற்கிறது என்பதற்கு உங்கள் நோட்டே பதில் சொல்லும்.

மாதம் முடிந்ததும் அந்த நோட்டைக் கூட்டி, லிட்டரை 2.7 ஆல் பெருக்கி, மண் வேலை என்றால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ, கட்டட வேலை என்றால் ஒரு சதுர அடிக்கு எத்தனை கிலோ என்று சைட் ஆபீஸ் போர்டில் எழுதுங்கள். மொத்த லிட்டரை மட்டும் எழுதினால் வேலை குறைந்த மாதம் நல்ல மாதம்போலத் தெரியும். ஆபரேட்டர்களும் மேஸ்திரிகளும் வந்து நிற்கும் இடத்தில், தமிழில் எழுதுங்கள். எந்த வண்டி எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நாம் சொன்ன நேரத்துக்கு டிப்பர் வராமல் போன நாட்களும் அதில் இருக்கட்டும்.